என்ஜின் செத்தால் ஜீப்பையும் புதைக்க வேண்டுமா?

பழைய ஜீப்பின் டீசல் என்ஜின் நின்றுவிட்டது. இனி என்ன செய்வது?

"காயலான் கடைக்குத் தள்ளு!" என்பார் ஒருவர்.

"பெரிய என்ஜினாகப் பார்த்து மாட்டு. மலையைப் பிளந்துகொண்டு ஏறும்!" என்பார் இன்னொருவர்.

இரண்டு யோசனையும் தவறு என்பது என் கருத்து. இது காசு கொடுத்துப் படித்த பாடம். காசு மட்டும் போகவில்லை. என் சித்தப்பாவின் வலது கால் எலும்பும் அதில் முறிந்தது.

மலைக்கு ஒரு ஜீப்

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே போனால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். எங்கு பார்த்தாலும் ஏலத்தோட்டம்.

அங்கே சித்தப்பாவுக்கு 3 ஏக்கர் தோட்டம். தார் ரோட்டில் இருந்து தோட்டத்துக்கு மண் பாதை. மழை பெய்தால் அது பாதை அல்ல, ஓடை!

அந்தப் பாதையில் சாதாரண கார் போகாது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி சேற்றில் நின்று சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் போகும்.

சித்தப்பாவின் ஜீப் 1987-ல் பிறந்தது. உர மூட்டை மேலே போவதும் அதில்தான். ஏலக்காய் மூட்டை கீழே வருவதும் அதில்தான். தோட்டத்து லயத்தில் நடு ராத்திரி ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்றால், ஆஸ்பத்திரி வண்டியும் அதுதான்.

அந்த ஜீப் 2021-ம் ஆண்டு ஐப்பசி மாதம் நின்றுவிட்டது.

எப்படி நின்றது?

ரேடியேட்டரில் இருந்து என்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. வண்டியின் சூடு காட்டும் முள் வெகு நாட்களாகவே வேலை செய்யவில்லை. ஆகையால் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. மூன்று வளைவுகள் ஏறிவிட்டார்.

நான்காவது வளைவில் என்ஜின் 'கடக்' என்று நின்றது. அதன் பிறகு சுற்றவே இல்லை.

போடியில் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"அண்ணே, என்ஜின் போச்சு. இனி இதில் ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு வேன் என்ஜின் இருக்கிறது. மூன்று லிட்டருக்கு மேல். மாட்டித் தருகிறேன். ஜீப் பறக்கும்!" என்றார்.

"ஜீப் எதற்குப் பறக்க வேண்டும்?" என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை.

பழைய என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி ஒரு மூலையில் போட்டார்கள். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் முதல் தவறு.

60 குதிரைக்கு அளவெடுத்த உடம்பு

ஜீப் யுத்தத்துக்குப் பிறந்த வண்டி. 1941-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லிஸ் கம்பெனி இதை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியது. அதன் பெட்ரோல் என்ஜினுக்கு 60 குதிரை சக்தி. கியர் பாக்ஸ், அச்சு, ஷாப்ட், பிரேக் எல்லாம் அந்த 60 குதிரைக்கு அளவெடுத்துச் செய்தவை.

1940-களின் கடைசியில் இந்த ஜீப் மகிந்திரா கம்பெனியின் மூலம் நம் நாட்டுக்கு வந்தது. உடம்பு அதே உடம்புதான்.

1973-ல் உலகத்தில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. பெட்ரோல் விலை ஏறியது. பெட்ரோல் ஜீப்பை வைத்துக் கட்டுபடி ஆகவில்லை. டீசல் என்ஜின் தேவைப்பட்டது.

1979-ல் பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனியின் உரிமம் பெற்று, மகிந்திரா கம்பெனி டீசல் என்ஜின் தயாரிக்க ஏற்பாடு செய்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்று அதற்குப் பெயர். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றும் 90 மில்லி மீட்டர் அகலம். மொத்தக் கொள்ளளவு 2,112 சி.சி.

அதன் சக்தி என்ன தெரியுமா? 62 குதிரை!

பழைய பெட்ரோல் என்ஜினுக்கு 60. புதிய டீசல் என்ஜினுக்கு 62. அதனால்தான் அந்த டீசல் என்ஜின் ஜீப்புக்குள் உட்கார்ந்ததும் கியர் பாக்ஸ் முனகவில்லை, அச்சு ஒடியவில்லை. ஆளுக்கு ஏற்ற சட்டை அது. சித்தப்பாவின் ஜீப்பில் இருந்ததும் இந்த என்ஜின்தான்.

அந்த இடத்தில், மூன்று லிட்டருக்கு மேற்பட்ட வேன் என்ஜினை வைத்தால் என்ன ஆகும்? பத்து வயதுப் பையன் தலையில் நெல் மூட்டையை ஏற்றிய கதைதான்.

ஒரு வருடம் ஓடியது

வேன் என்ஜின் நேராக உட்காரவில்லை. தாங்கியை வெட்டி ஒட்டினார்கள். ரேடியேட்டரை முன்னே தள்ளினார்கள். ஸ்டீரிங் கம்பிக்கு இடம் இல்லை என்று அதையும் கொஞ்சம் வளைத்தார்கள்.

ஜீப் ஏறியது, உண்மை. மூன்றாவது கியரில் ஏறாத இடத்தில் எல்லாம் ஏறியது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஊரே வந்து பார்த்தது.

இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. முன்பக்கம் கனத்தது. பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டி இருந்தது. ஆறு மாதத்துக்குள் கிளட்ச் இரண்டு முறை போனது. ஷாப்ட்டின் இணைப்பில் 'டக் டக்' என்று சத்தம் வந்தது.

"புது என்ஜின், பழகும் வரை அப்படித்தான்" என்றார் மெக்கானிக்.

2022-ம் ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள். உர மூட்டை ஏற்றி மேலே போகும்போது, ஒரு வளைவில் பின் ஷாப்ட்டின் இணைப்பு அறுந்தது. சுழன்று கொண்டிருந்த ஷாப்ட் தரையில் குத்தித் துள்ளி, பிரேக் எண்ணெய் போகும் பைப்பை நசுக்கியது. பிரேக் கட்டை தரை வரை இறங்கிவிட்டது.

கைப்பிரேக் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சின்ன ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பது இல்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் இருந்துகொண்டு ஷாப்ட்டைத்தான் பிடிக்கும். முன் சக்கர இழுவையைப் பூட்டாமல் ஓட்டும்போது பின் ஷாப்ட் அறுந்தால், கைப்பிரேக்கும் அத்தோடு போயிற்று!

ஜீப் பின்னால் உருண்டது. ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளம். சித்தப்பா ஸ்டீரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். ஜீப் மண் சுவரில் மோதிச் சாய்ந்தது. கால் முறிந்தது. உயிர் தப்பியது.

அன்றைக்கு வண்டியில் கூலிப் பெண்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால்? அந்த எண்ணம் வந்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இன்சூரன்ஸ் கை விரித்தது

வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினோம். பார்க்க வந்தவர் முதலில் என்ஜின் நம்பரைப் பார்த்தார். பதிவுச் சான்றில் ஒரு நம்பர். வண்டியில் வேறு நம்பர்.

"அனுமதி வாங்கினீர்களா?" என்றார்.

வாங்கவில்லை. பணமும் வரவில்லை.

சட்டம் தெரியாமல் நடந்தோம். இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜினை மாற்ற வேண்டும் என்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மாற்றிய பிறகு 14 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றில் திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு சட்டமும் கடுமையாகத் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இது வெறும் காகித விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் ஜீப் நாளை ஒருவர் மேல் மோதினால், நஷ்ட ஈட்டு வழக்கில் இந்த நம்பர்தான் முதல் கேள்வியாக வரும்.

மூலையில் கிடந்த 'பிணம்'

கட்டுப் பிரித்த பிறகு சித்தப்பா வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனார். வயதானவர். அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை.

"பழைய என்ஜின் எங்கே?" என்றார்.

முதல் பட்டறையின் மூலையில், சாக்கு மூடிக் கிடந்தது. நல்ல வேளை, எடைக்குப் போடவில்லை. அதைக் கொண்டு வந்து பிரித்தார்.

தண்ணீர் இல்லாமல் ஓடியதில் மேலே உள்ள ஹெட் வளைந்திருந்தது. இந்த என்ஜினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதிகம் சூடேறினால் வளையும். கேஸ்கட் எரிந்திருந்தது. இரண்டு பிஸ்டன்கள் லைனரைக் கவ்விக்கொண்டிருந்தன. கிராங்க் ஷாப்ட்டில் ஒரு கீறல் கிடையாது. கீழே உள்ள இரும்புக் கட்டு கல்லு மாதிரி இருந்தது.

இந்த என்ஜினில் சிலிண்டர் லைனர்கள் தனித் தனி. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். பெரிய லேத்துக்குப் போய்ச் சிலிண்டரைக் குடைய வேண்டியது இல்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று எண்ணித்தான் செய்தவர்களே அப்படிச் செய்திருக்கிறார்கள்!

நான்கு லைனர், நான்கு பிஸ்டன், ரிங், பேரிங், வேறு ஒரு நல்ல ஹெட். பம்பையும் நாசில்களையும் சோதித்துச் சரி செய்தார்கள். அதே என்ஜின், அதே நம்பரோடு, அதே ஜீப்பில் ஏறியது. வளைத்த ஸ்டீரிங் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டார்கள். வெட்டி ஒட்டிய தாங்கிகளையும் எடுத்துவிட்டார்கள்.

வேன் என்ஜினுக்குக் கொடுத்த பணத்தைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆனது. முதல் நாளே நாடி பார்த்திருந்தால் இவ்வளவு துன்பம் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

என்ஜின் நின்றுவிட்ட ஜீப்காரர்களுக்கு என் யோசனை இது.

முதலில் ஏன் நின்றது என்று கண்டுபிடியுங்கள். தண்ணீர்க் குழாயா, ரேடியேட்டர் அடைப்பா, ஆயில் பம்பா? காரணத்தைச் சரி செய்யாமல் வேறு என்ஜின் மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும். முதல் என்ஜினைக் கொன்றது பத்து நூறு ரூபாய் பெறாத ரப்பர் குழாய். வேலை செய்யாத சூட்டு முள் அதற்கு உடந்தை.

இரண்டாவது, பழைய என்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் 'செத்தது' என்று சொல்லாதீர்கள். கட்டு வெடித்திருந்தால், ராடு உடைந்து பக்கச் சுவரைப் பிளந்திருந்தால், அது செத்ததுதான். மற்றது எல்லாம் நோய்.

மூன்றாவது, உண்மையிலேயே செத்திருந்தால், அதே கம்பெனியின் அதே வகை என்ஜினைத் தேடுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் தேடலாம். நம்பர் தெளிவாக இருக்க வேண்டும். ரசீது வேண்டும். கழற்றிய வண்டியின் பதிவுச் சான்று நகல் வேண்டும். "நம்பர் தேய்ந்துவிட்டது" என்றால் அந்தக் கடையை விட்டு நடையைக் கட்டுங்கள். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

வாங்கும்போது என்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடு செய்து வைத்திருந்தால் ஏமாறாதீர்கள். குளிர்ந்த நிலையில் கிளம்ப வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபு என்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

'எல்லாம் ஒரே கம்பெனிதானே' என்றும் மயங்காதீர்கள். மகிந்திரா ஜீப்புகளில் எம்.டி.ஐ. 3200 என்று பின்னால் ஒரு என்ஜின் வந்தது. 3200 என்பது சி.சி. என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல! அதன் கொள்ளளவு 2,523 சி.சி. 3200 என்பது நிமிடத்துக்கு அது சுற்றும் உச்சச் சுற்று. பெஜோ என்ஜினோ 4,500 சுற்று வரை போகும். வேகமாகச் சுற்றும் என்ஜினுக்குப் பல் சக்கரம் அமைத்த ஜீப்பில், மெதுவாகச் சுற்றும் என்ஜினை அப்படியே மாட்டினால் சாலையில் வேகம் கிடைக்காது. அண்ணன் தம்பி என்றாலும் ஒருவர் செருப்பு மற்றவருக்குப் பொருந்துமா?

புகைக்கு என்ன பதில்?

"பழைய டீசல் வண்டி புகை கக்குகிறதே. அதை ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

2020 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற கடுமையான அளவுக்கு உட்பட்டவை. பழைய ஜீப் எவ்வளவு சரி செய்தாலும் அதற்கு ஈடாகாது. ஒப்புக்கொள்கிறேன். தினமும் நகரத்தில் ஓட்டுகிறவர் பழைய டீசல் ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியது இல்லை. சேசிஸ் துருப்பிடித்து உளுத்துப்போன ஜீப்புக்கும் இது பொருந்தாது. அப்படிப்பட்டதை அரசு அங்கீகரித்த கழிவு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்வதே மரியாதை.

ஆனால் 3 ஏக்கர் விவசாயி? புதிய நான்கு சக்கர இழுவை வண்டிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும். அவருடைய ஜீப் ஒரு நாளில் ஓடுவது சில மைல்தான். நாசிலும் பம்பும் சரியாக இருந்தால் கரும்புகை பெரும்பாலும் அடங்கிவிடும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு, 5 ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வழியில் தேறுகிற வண்டியை ஓட விடலாம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்

ஜனங்கள் ஏன் அனுமதி வாங்காமல் என்ஜின் மாற்றுகிறார்கள்? எல்லோரும் கள்ளர்களா? இல்லை. எங்கே போவது, என்ன காகிதம் கொடுப்பது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மலையில் இருந்து இறங்கி வந்து அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது மீதிப் பேரின் பயம்.

ஆகையால், அதே கம்பெனி, அதே வகை என்ஜினை மாற்றுகிறவர்களுக்கு வழியை எளிதாக்க வேண்டும். ஒரே விண்ணப்பம், ஒரே நாள் பரிசோதனை, கையோடு திருத்திய சான்று. என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். பழைய என்ஜின் விற்கும் கடைக்காரர், நம்பர் போட்ட ரசீது கொடுத்தே தீர வேண்டும். வேறு வகை என்ஜினை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் பட்டறைகள் மேலும் நடவடிக்கை வேண்டும். தண்டனை முழுவதும் வண்டிக்காரர் தலையில் மட்டும் விழுவது நியாயம் அல்ல.

நேர் வழி எளிதாக இருந்தால் குறுக்கு வழிக்கு ஆள் குறையும்.

இப்போது...

சித்தப்பா இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். ஜீப் நேராக ஓடுகிறது. முன்போல இரண்டாவது கியரில், மெதுவாக, முனகிக்கொண்டு ஏறுகிறது. சூடு காட்டும் முள் வேலை செய்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ரப்பர் குழாய்களை மாற்றிவிடுகிறார்.

போன மழைக் காலத்தில் லயத்தில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி வலி எடுத்தது. அதே ஜீப்பில்தான் இறக்கினார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

"வேன் என்ஜின் இருந்திருந்தால் கால் மணி முன்னால் போயிருக்கலாமே?" என்று ஒரு பையன் சித்தப்பாவிடம் கேட்டான்.

சித்தப்பா தம் காலைத் தடவிக்கொண்டார்.

"போய்ச் சேருவதுதான் தம்பி வேகம்" என்றார்.